தானியங்கி கேட்: மோட்டார் 24,780, மொத்தம் 81,780

வீடு காட்பாடி காந்தி நகரில், வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். இரண்டாம் ஷிப்ட் முடிந்து திருவலம் வழியாக வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிடும். தெருமுனையில் கார் வெளிச்சம் திரும்பியதுமே அப்பா எழுந்து வந்து கேட்டைத் திறக்க நிற்பார். வயது 76. ரயில்வேயில் கேட் கீப்பராக முப்பது வருடம் இருந்தவர். வண்டி வரும் சத்தம் கேட்டால் அவரால் படுத்திருக்க முடியாது. "நீ வராதப்பா, நானே இறங்கித் திறந்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். 2023 ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி உள்சரிவில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே ரிமோட் கேட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

சென்னையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். இரட்டைக் கதவு என்பதால் கதவைக் கை போலத் தள்ளும் 'கை மோட்டார்' இரண்டு, இத்தாலிச் சரக்கு, 1,18,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றார். வேலூரில் கேமரா மாட்டும் கடை ஒன்றில், ஸ்லைடிங் கேட் என்றால் சீன மோட்டார் பொருத்துக்கூலியோடு 38,000 என்றார்கள். அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் 'கேட் வேலை, சிவில் வேலை வாடிக்கையாளர் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. அதை அன்றைக்கு நான் சரியாகப் படிக்கவில்லை. பிறகு போன பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது.

எங்கள் கேட் 2011-ல் வீடு கட்டும்போது செய்தது. 12 அடி அகலம், ஐந்தரை அடி உயரம், ஆறு அடிக்கு ஒன்றாக இரண்டு கதவு, முழுக்க ஷீட் அடித்தது. தெருவைவிட வீடு இரண்டடி உயரம். கேட்டுக்குள் ஓரடி தள்ளியதுமே சரிவு ஏற ஆரம்பிக்கும். கதவு உள்பக்கம் திறக்கும்போது சரிவில் இடிக்கக் கூடாது என்று அடியில் ஏழு அங்குலம் விட்டு மாட்டியிருந்தோம். தெருநாய்களுக்கு அது ராஜபாட்டை.

இதை அப்படியே வைத்துக் கை மோட்டார் மாட்டலாமா என்று முதலில் யோசித்தேன். கை மோட்டார் கதவை ஒரு முனையில் தள்ளும், மறுமுனையில் தூணைத் தள்ளும். எங்கள் தூண் வெறும் செங்கல், உள்ளே கம்பி கிடையாது. தினம் பத்துத் தடவை தள்ளினால் ஒரு வருடத்தில் கீல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதோடு உள்ளே காருக்கு இருக்கும் நீளம் 17 அடி. அதில் கதவு சுழல ஆறடி போய்விட்டால் காரை எங்கே நிறுத்துவது? வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினால் கதவு தெருவில் நிற்கும். அது நம் இடம் இல்லை. போகிற சைக்கிள்காரன் மேல் இடித்தால் பதில் சொல்லவும் முடியாது. ஆகவே ஸ்லைடிங். மனையின் முகப்பு 30 அடி, கேட்டுக்கு மேற்கே காம்பவுண்டு ஓரமாக 14 அடி காலி. 13 அடி கேட் அங்கே போய் நிற்கும். அந்த இடத்தில் என் மனைவி வளர்த்த இரண்டு செம்பருத்தியும் ஒரு நந்தியாவட்டையும் போயின. அதற்கான விலை என் கணக்கில் வராது. வேறு கணக்கில் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புதுக் கேட் செய்யச் சொல்லி இரண்டு பட்டறையில் கேட்டேன். கிலோ கணக்குதான். 60,000-க்குக் குறையாமல் வந்தது. மூன்றாவதாகப் பார்த்த வெல்டர், பழைய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்ல பொருள் சார், இன்னாத்துக்குத் தூக்கிப் போடறீங்க? ரெண்டையும் ஒண்ணா சேத்து அடியில ஒரு பாக்ஸ் பைப்பு போட்டா ஓடும்" என்றார். எடை எவ்வளவு இருக்கும் என்று அவரே கேட்டார். மோட்டார் வாங்க முதலில் தெரிய வேண்டியது அதுதான். எங்கள் ஊரில் கேட்டுக்கு கிலோ கணக்கில் பணம் வாங்குவது இந்த இடத்தில் உதவியது. 2011 பில்லைத் தேடி எடுத்தோம். எடைமேடைச் சீட்டோடு 212 கிலோ. புதிதாகச் சேரும் பாக்ஸ் பைப், சக்கரம் எல்லாம் ஒரு 40 கிலோ. ஆக 250 கிலோ. பில் கிடைக்காதவர்கள் ஷீட்டை வைத்துக் கணக்குப் போடலாம்: 16 கேஜ் தகடு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. சட்டத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

250 கிலோ கேட்டுக்கு 600 கிலோ வரை இழுக்கும் என்று எழுதிய மோட்டார் வாங்கினேன். பெட்டியில் போட்டிருக்கும் எடை, சக்கரமும் தண்டவாளமும் பழுதில்லாமல் இருந்தால் இழுக்கும் எடை. அதனால் கேட் எடையைப் போல இரண்டு மடங்கு இருப்பது நல்லது. 230 வோல்ட் ஏசி, 370 வாட். 21,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 24,780. பெட்டிக்குள் மோட்டார், தரையில் பதிக்கும் தகடு, நான்கு போல்ட், நான்கு மீட்டர் நைலான் பல்பட்டை (கேட்டில் அடிப்பது; மோட்டாரின் பல்சக்கரம் இதைக் கடித்துத்தான் கேட்டை இழுக்கும்), இரண்டு ரிமோட், ஒரு ஜோடி போட்டோசெல் (ஒரு கண் கதிர் அனுப்பும், மற்றது வாங்கும்; நடுவில் யாராவது நின்றால் கேட் மூடாது). ரிமோட் வாங்கும்போது ஒன்று கேட்டு வாங்கினேன்: ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறுகிற ரோலிங் கோட் வகை. ஒரே கோட் உள்ள ரிமோட்டைச் சாவி போடுகிற கடையிலேயே நகல் எடுத்துவிடுவார்கள். அப்புறம் பூட்டு எதற்கு, மோட்டார் எதற்கு?

2024 பொங்கல் முடிந்து தரை வேலை ஆரம்பித்தோம். 26 அடி நீளத்துக்கு ஓரடி அகலம், முக்கால் அடி ஆழம் தோண்டி, 10 எம்எம் கம்பி நான்கு ஓட்டி, வளையம் கட்டி கான்கிரீட். அதன்மேல் 40-க்கு 40 எம்எம் ஆங்கிளை, அதாவது எல் வடிவ இரும்பை, கூரை மாதிரி கவிழ்த்துப் பதிப்பது. வி பள்ளம் வெட்டிய சக்கரம் அதன்மேல் சவாரி போகும். பள்ளமான சேனல் வைத்து அதற்குள் சக்கரம் ஓடுகிற மாதிரியும் செய்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. நம் தெருவில் பறக்கிற மண்ணுக்கு மாதம் ஒரு முறை அதைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கவிழ்த்த ஆங்கிளில் மண் தங்காது, மழைத் தண்ணீரும் தங்காது.

மேஸ்திரி டியூப் லெவல் பிடித்து நூல் கட்டிச் சுத்தமாகத்தான் செய்தார். கான்கிரீட் போட்டு, சாக்கு நனைத்துப் போட்ட மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதிர்த் தூணுக்கு ஒயர் எந்த வழியா போகும் சார்?"

போட்டோசெல் ஜோடியில் ஒன்று மேற்குத் தூணில், மோட்டார் பக்கம். இன்னொன்று கிழக்குத் தூணில். இரண்டுக்கும் ஒயர் வேண்டும். நடுவில் 12 அடி கார் பாதை. கான்கிரீட்டுக்கு முன் ஒரு குழாயைப் படுக்க வைத்திருந்தால் 60 ரூபாயோடு போயிருக்கும். மோட்டார் பீடத்துக்கு இரண்டு குழாய் வைக்கச் சொன்ன எனக்கு, பாதையைத் தாண்டும் குழாய் ஞாபகம் வரவில்லை. சரிவின் ஓரமாகக் கட்டர் வைத்து அறுத்து, குழாய் இறக்கி, மறுபடி பூசியதில் ஒரு நாள் கூலி போயிற்று. இதைப் படித்துவிட்டு யாராவது கேட் வைத்தால், கான்கிரீட் போடும் அன்றைக்கு எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வையுங்கள். டீ செலவு மட்டும்தான்.

பீடத்தைத் தரையிலிருந்து எட்டு அங்குலம் தூக்கச் சொன்னது அப்பா. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன அந்த மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் அந்த உயரத்தைச் சுவரில் ஆணியால் கீறி வைத்திருந்தார். மோட்டாரின் சர்க்யூட் போர்டு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும்படி பீடம். பல்பட்டையை பாக்ஸ் பைப்பில் எந்த உயரத்தில் அடிப்பது என்பதும் இதிலேயே முடிவாகிவிடும். ஆகவே வெல்டரிடம் சொல்வதற்கு முன்னால் பீடத்தின் உயரத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பத்து நாள் தண்ணீர் காட்டி, பன்னிரண்டாம் நாள் கேட்டை ஏற்றினோம். இரண்டு கதவையும் சேர்த்து 100-க்கு 50 பாக்ஸ் பைப்பை அடியில் கொடுத்து ஒரே கேட்டாக்கியிருந்தார் வெல்டர். கையால் தள்ளினால் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்: ஓடுவது வேறு, லேசாக ஓடுவது வேறு. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் கொக்கித் தராசைக் கேட்டின் முனையில் மாட்டி, மெல்ல இழுத்துப் பார்த்தேன். நகர ஆரம்பிக்க 14 கிலோ காட்டியது. பாதி வழியில் ஒரு இடத்தில் 22 கிலோ. 250 கிலோ கேட், நல்ல சக்கரத்தில் இருந்தால், ஐந்தாறு கிலோ இழுப்புக்கே வர வேண்டும்.

காரணம் இரண்டு. ஆங்கிள் கடையில் 20 அடி நீளமாகத்தான் வருகிறது. எங்களுக்கு 26 அடி என்பதால் ஒரு ஒட்டு. ஒட்டின் வெல்டிங் முடிச்சைச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். சக்கரம் ஒவ்வொரு முறையும் அதில் ஏறி இறங்கியது. இரண்டாவது, சக்கரம். மூன்று அங்குலத்தில் பேரிங் இல்லாமல் வெறும் புஷ் வைத்த சக்கரத்தைப் போட்டிருந்தார். நான் கேட்டபோது வெல்டர் மழுப்பவில்லை. "நீங்க விலை கம்மியா கேட்டீங்க, நானும் அத வச்சேன்" என்றார். நியாயம்தான். நான்கு அங்குலம், இரட்டை பேரிங் சக்கரம் ஜோடிக்கு 1,900 ரூபாய் அதிகம் கொடுத்து மாற்றினோம், ஒட்டையும் கிரைண்டரில் வழித்தோம். தராசு 6 கிலோ காட்டியது. இந்த ஒரு சோதனைக்காகவே அந்தக் கொக்கித் தராசைக் கும்பிட வேண்டும். மோட்டார் மாட்டிவிட்டால் கேட்டின் நோவு வெளியே தெரியாது. மோட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு இழுத்து, ஒருநாள் புகை விடும்.

பல்பட்டை மாட்டுவதற்கு ஒரு முழுநாள் ஆனது. மோட்டாரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல்சக்கரத்துக்கும் கேட்டில் இருக்கும் பல்பட்டைக்கும் நடுவே ஒன்றிலிருந்து இரண்டு எம்எம் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் கேட்டின் மொத்தப் பாரமும் மோட்டார் தண்டின்மேல் உட்காரும். அதிகமாக விட்டால் பல் தாண்டும். பொருத்த வந்தவர் ஆக்ஸா பிளேடு இரண்டைச் சேர்த்து நடுவில் நுழைத்து அளவு பார்த்தார். முதல் மீட்டர் சரி, இரண்டாவது சரி, மூன்றாவதில் பிளேடு நுழையவே இல்லை, நான்காவதில் விரலே போகிற மாதிரி ஆனது. நீளமாக வெல்டிங் வைத்த சூட்டில் பாக்ஸ் பைப் லேசாக வில் போல வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நூல் பிடித்தால் தெரிந்தது: ஐந்து எம்எம். நல்லவேளையாகப் பட்டையில் போல்ட் துளை நீளவாக்கில் இருக்கும், ஏற்றி இறக்க முடியும். கேட்டைக் கையால் ஒரு சாண் ஒரு சாணாகத் தள்ளி, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, பிளேடு வைத்து முடுக்கினோம்.

இரண்டு பட்டை சேரும் இடத்துக்கு அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. பல்லுக்குப் பல் தூரம் பன்னிரண்டரை எம்எம் சொச்சம். ஒட்டில் அது கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு தடவையும் டக் என்று அடிக்கும். கையில் மிச்சமிருந்த ஒரு பட்டைத் துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒட்டின் இரு பக்கப் பற்களிலும் கடித்துக்கொள்ளும்படி கிளாம்ப் போட்டுவிட்டுத்தான் போல்ட்டை முடுக்கினார். அளவுகோலே தேவைப்படவில்லை.

ஸ்விட்சைப் போட்டு ரிமோட்டை அழுத்தினோம். திறக்கச் சொன்னால் மூடியது. மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரை மாற்றினதும் சரியாயிற்று. லிமிட் ஸ்விட்ச் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும், உண்மை. ஆனால் அது வெறும் ஸ்விட்ச், என்றைக்காவது ஏமாற்றும். அன்றைக்குக் கேட் தண்டவாளத்தின் முனை தாண்டிப் போனால் 250 கிலோ இரும்பு சாய்ந்து விழும். ஸ்லைடிங் கேட் சாய்ந்து பிள்ளைகள் மாட்டிக்கொண்ட செய்தியெல்லாம் படித்திருக்கிறோம். அதனால் இரண்டு முனையிலும் கான்கிரீட்டில் பதித்த இரும்புத் தடுப்பு, மேலே இரண்டு பக்கமும் கேட் சாயாமல் பிடிக்கும் கைடு ரோலர் இல்லாமல் மோட்டார் மாட்டவே கூடாது. இதற்கு 1,500 ரூபாய்கூட ஆகவில்லை. இதை வேண்டாம் என்று சொல்கிற பட்டறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பா அதுவரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட் இருபது விநாடியில் திறந்து, இருபது விநாடியில் மூடியது. "மணியடிக்காம கேட்டு மூடக் கூடாதுடா. எந்த ஊரு கேட்டு இது?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் பெட்டியில் வராத மஞ்சள் மின்னும் விளக்கைத் தனியாக வாங்கித் தூண்மேல் வைத்தோம். முப்பது விநாடியில் தானாக மூடிக்கொள்ளும் வசதியையும் அவர்தான் நிறுத்தச் சொன்னார். போட்டோசெல் ஒன்றரை அடி உயரத்தில் ஒரே ஒரு கோட்டைத்தான் பார்க்கிறது. அதற்குக் கீழே படுத்திருக்கிற நாய் அதன் கண்ணுக்குப் படாது. அவர் கணக்கு எளிது: மூடுகிறவன் கண் கேட்டின் மேல் இருக்க வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் காலியாகப் பாதையில் வைத்து, மோட்டாரின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். கேன் நசுங்காமல் கேட் நின்று திரும்பும் வரை.

மூன்றாவது வாரம் டொக் என்று ஒரு சத்தம். கேட் பாதி மூடும்போது மட்டும். தராசை மாட்டினேன், 15 கிலோ. டியூப் லெவல் வைத்துப் பார்த்தால் தண்டவாளம் ஐந்தடி நீளத்துக்கு எட்டு எம்எம் இறங்கியிருந்தது. காவிரி கூட்டுக் குடிநீர் இணைப்புக்காக முன்பு தோண்டி மூடிய பள்ளம் சரியாக அந்த இடத்தில்தான் குறுக்கே போகிறது. மேலே கெட்டியாக இருந்த மண், அடியில் தளதளவென்று கிடந்திருக்கிறது. கான்கிரீட் அதன்மேல் கார் ஏறி இறங்க ஏறி இறங்க விரிசல் விட்டு உட்கார்ந்துவிட்டது. அந்த ஐந்தடியை உடைத்து, அடியில் ஜல்லி போட்டு இடித்து, மறுபடி போட்டோம். 2,800. மேஸ்திரி கூலியில் பாதியை வேண்டாம் என்றார். பள்ளம் இருந்தது எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது; நான் கொடுத்துவிட்டேன்.

இப்போது மொத்தக் கணக்கு. மோட்டார் 24,780. வெல்டருக்கு, கேட்டைச் சேர்த்தது, பாக்ஸ் பைப், மாற்றிய சக்கரம், ரோலர், தடுப்பு, கேட் வந்து மோதும் கம்பம் எல்லாம் சேர்த்து 19,600. ஆங்கிள் 1,750. தரை வேலையில் கூலி 10,800, சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி, கம்பி 7,400. எலக்ட்ரிக் வேலைக்கு கேபிள், குழாய், எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் உடனே வெட்டிவிடும் ஸ்விட்ச்), மஞ்சள் விளக்கு, கூலி ஆக 6,350. மோட்டார் பொருத்துக்கூலி 3,500. பிரைமர், பெயிண்ட் 3,400. கூடுதலாக இரண்டு ரிமோட் 1,400. மறுவேலை 2,800. கூட்டினால் 81,780. மோட்டார் இதில் பத்துக்கு மூன்று பங்குதான். 38,000 என்று எழுதிக் கொடுத்த கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது மோட்டார் விலை, அவர் சொன்னதும் மோட்டார் விலை. ஏற்கெனவே நன்றாக ஓடுகிற ஸ்லைடிங் கேட் வைத்திருக்கிறவருக்கு அந்த 38,000 போதும். கீல் கேட்டை மாற்ற நினைப்பவர் அதை இரண்டால் பெருக்கிக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. புதுக் கேட்டும் செய்திருந்தால் எனக்கு ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

ஆர்சிசிபியில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். மழையில் நனைகிற இரும்பு, அதில் 230 வோல்ட் மோட்டார், பிள்ளைகள் பிடித்து ஆடுகிற இடம். எர்த்தும் அதுவும் இருந்தே ஆக வேண்டும்.

கரண்டு பில் ஏறுமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடினாலும், இரண்டு மாதத்துக்கு மோட்டார் ஓடும் செலவு இரண்டரை யூனிட்தான். சும்மா விழித்துக்கொண்டிருக்கிற போர்டுக்கு அதைவிட அதிகம், ஆறு யூனிட் கிட்ட. மொத்தமாக ஒரு சின்ன பல்பு மாதிரி.

அதன்பிறகு வந்த கோளாறுகளை நான் எழுதி வைக்கவில்லை. அப்பா வைத்திருக்கிறார். கேட் கீப்பர் வேலையில் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் எழுதி வைத்த கை. தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கிளிப்பில் கோத்து வைப்பார். ஒரு வருடத்துச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் கடைசி வாரத்தில் நான்கு சீட்டு: 'காலை 6.40. மூடவில்லை.' 'காலை 6.45. மூடவில்லை.' ஏழரைக்கு மேல் நன்றாக மூடும். பொருத்தினவர் வந்தபோதெல்லாம் மணி பதினொன்று, அவருக்கு ஒரு குறையும் தெரியாது. சீட்டில் இருந்த நேரத்தைப் பார்த்துத்தான் பிடிபட்டது. எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. போட்டோசெல் கோடு கிழக்கு மேற்காகப் போகிறது. மேற்குத் தூணில் இருக்கிற வாங்கும் கண் நேர் கிழக்கே பார்க்கிறது. மார்ச் கடைசியில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறது. வெயில் கண்ணில் விழுந்ததும், எதிரிலிருந்து வரும் கதிர் தெரியாமல், யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கேட் மூட மறுத்திருக்கிறது. முக்கால் அங்குல பிவிசி குழாயில் நான்கு அங்குலம் அறுத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கண்ணுக்கு முன்னால் ஒட்டினேன். ஒரு ரூபாய் செலவில்லை. புரட்டாசியில் மறுபடி நேர் கிழக்கே வந்தபோது ஒரு சீட்டும் விழவில்லை.

மே மாதத்தில் ஆறு சீட்டு. கத்திரி வெயிலில் தெருவே ஏசி போட்டிருக்கும், சாயங்காலம் வோல்டேஜ் விழும். மோட்டார் உர்ரென்று உறுமிவிட்டு நகராது. மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது சீட்டுக்குப் பிறகு எலக்ட்ரீஷியன் தம்பி மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மாற்றினார், 180 ரூபாய். அதன்பிறகு வோல்டேஜ் விழுந்தாலும் ஓடுகிறது. மூடியைத் திறந்தபோது உள்ளே மூன்று பல்லி முட்டை. ஒயர் நுழையும் குழாயை சிலிக்கான் வைத்து அடைத்து, ரெண்டு அந்துருண்டை போட்டோம். ஜூலையில் அடைக்காமல் விட்ட இன்னொரு குழாய் வழியாக எறும்பு வந்தது. அதற்கும் ஒரு சீட்டு இருக்கிறது.

மற்ற சீட்டெல்லாம் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் வகை. அதில் கொடுத்துப் பார்த்தால் மோட்டார் கத்துகிறது, இழுக்கவில்லை. சாவி போட்டு கிளட்ச்சை விடுவித்துக் கையால் தள்ள வேண்டும். சாவி சாமி அறையில் தொங்குகிறது. வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை திறக்க வைத்துப் பழக்கினேன், இழுப்பு 6 கிலோதான் என்பதால் அப்பாவுக்கும் கஷ்டம் இல்லை. மறுபடி ஒரு முறை செய்வதாக இருந்தால் பத்துப் பன்னிரண்டாயிரம் கூடப் போட்டு, 24 வோல்ட் டிசி மோட்டாரை பேட்டரியோடு வாங்குவேன். அன்றைக்கு அதை வேண்டாம் என்று ஒதுக்கியது என் கஞ்சத்தனம்.

ராத்திரி பதினொன்று மணிக்குத் தெருமுனையில் திரும்பும்போதே ரிமோட்டை அழுத்திவிடுகிறேன். மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பிக்கும். உள்ளே ஹாலில் லைட் எரியும். அப்பா ஜன்னலில் நின்றுகொண்டிருப்பார். கார் உள்ளே வந்து, கேட் மூடி, விளக்கு நின்ற பிறகுதான் போய்ப் படுப்பார். நேற்று நான் அழுத்தியும் திறக்கவில்லை. இறங்கிப் போய்த்தான் திறந்தேன். காலையில் கிளிப்பில் புதுச் சீட்டு இருந்தது: '11.05. கேட் பழுது இல்லை. ரிமோட் பேட்டரி.'